‘ஹாரோ தி நைன்த்’: திரும்பப் படித்துவிட்டுப் போவதா, நேரே இறங்குவதா?

என்னிடமிருந்து ‘கிடியன் தி நைன்த்’ புத்தகத்தை வாங்கிப் போய்ப் படித்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டு, அடுத்த புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். அடுத்த புத்தகமான ‘ஹாரோ தி நைன்த்’தை முடித்தவர்கள் இரண்டே பேர். மற்ற மூவரும் நூறு பக்கம் தாண்டும் முன்பே மூடி வைத்துவிட்டார்கள். மூவரும் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: “நான் எதையோ விட்டுட்டேனா? முதல் புத்தகத்தை மறுபடி படிக்கணுமா?”

எதையும் விடவில்லை. ஆனால் மறுபடி படிக்க வேண்டுமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்தப் புத்தகத்துக்குள் போக நாலைந்து வழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நானே முயன்று பார்த்திருக்கிறேன். எந்த வழி யாருக்கு ஒத்துவரும் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதல் புத்தகத்தை முடித்தவர்களுக்காக எழுதுகிறேன் என்றாலும், அதன் முடிவையோ இரண்டாவதின் ரகசியத்தையோ இங்கே உடைக்கப்போவதில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நியூசிலாந்து எழுத்தாளர் டாம்சின் மியூர் எழுதிவரும் ‘தி லாக்ட் டூம்’ வரிசையின் முதல் புத்தகம் 2019 செப்டம்பரில் வந்தது. இரண்டாவது 2020 ஆகஸ்டில், மூன்றாவதான ‘நோனா தி நைன்த்’ 2022 செப்டம்பரில். பத்தாயிரம் ஆண்டுகளாக ஆளும் சாகாத பேரரசர், அவருக்குக் கீழே ஒன்பது குலங்கள், ஒவ்வொரு குலத்திலும் எலும்பையும் சதையையும் ஆவியையும் ஆட்டிவைக்கும் மாந்திரீகர்கள், அந்த மாந்திரீகர்களுக்கு வாளேந்திய துணைகள். விண்கப்பலும் உண்டு, எலும்புக்கூடு வேலைக்காரர்களும் உண்டு. முதல் புத்தகம் கானான் என்ற பாழடைந்த மாளிகைக்குள் நடக்கும் கொலை மர்மம். கிடியன் என்ற வாள்வீராங்கனையின் கண் வழியாக, அவளுடைய கேலியும் கோபமுமாகக் கதை ஓடும். பேரரசரின் இருட்டான உலகத்தில் அந்தக் கேலிதான் நமக்கு விளக்கு.

இரண்டாவது புத்தகத்தைத் திறந்தால் அந்த விளக்கு இல்லை. கதை இப்போது ஹாரோஹார்க் என்ற மாந்திரீகப் பெண்ணுடையது. அவள் இறுக்கமானவள், பக்தி மிகுந்தவள், சிரிக்கத் தெரியாதவள். போதாததற்குக் கதையின் பெரும்பகுதி முன்னிலையில் எழுதப்பட்டிருக்கிறது. நீ எழுந்தாய், நீ வாளைத் தொட்டாய், உனக்குக் குமட்டியது என்று போகும். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும் என்பதால் ‘நீ’யை விட்டுவிட்டும் எழுதலாம், காதை உறுத்தாது. ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யூ’ வந்தே தீரவேண்டும், அது சுத்தியல் மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். முதல் ஐம்பது பக்கம் எனக்கு மூச்சு முட்டியது.

இன்னொரு பக்கம், நடுநடுவே வேறு அத்தியாயங்கள் வரும். அவை படர்க்கையில், பழைய கானான் மாளிகையில் நடக்கும். முதல் புத்தகத்தில் நாம் கண்ணால் பார்த்த சம்பவங்களே அங்கே மறுபடி வருகின்றன. ஆனால் ஆட்கள் மாறியிருக்கிறார்கள், நடந்தது மாறியிருக்கிறது, செத்தவர்கள் செத்த விதம் மாறியிருக்கிறது. மூடி வைத்த மூவரையும் குழப்பியது இந்த இடம்தான். தங்கள் ஞாபகம்தான் பிசகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். ஞாபகத்தில் குறை இல்லை, அச்சுப் பிழையும் இல்லை. அந்த முரண்பாடு தெரிந்தே வைக்கப்பட்டது.

இது போதாதென்று காலக்கணக்கு. புத்தகம் பேரரசர் கொலையாவதற்கு முந்தைய இரவில் தொடங்கி, பல மாதங்கள் பின்னால் போய், அங்கிருந்து மறுபடி முன்னே வருகிறது. அத்தியாயத் தலைப்புகளுக்குக் கீழே கொலைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கை இருக்கும். நான் முதல் தடவை அந்த வரிகளை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். அது தப்பு.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது முதல் புத்தகத்தை முழுக்கத் திரும்பப் படிப்பது. ஏறக்குறைய 450 பக்கம். கிடியனை இரண்டாம் தடவை படிப்பது தனிச் சுகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் தடவை வெறும் பேச்சாகத் தெரிந்தது இரண்டாம் தடவை துப்பாகத் தெரியும். இரண்டாவது புத்தகத்தில் வரும் முரண்பாடுகள் ஒவ்வொன்றும் உடனே கண்ணில் படும் என்பதும் பெரிய லாபம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கிடியனின் குரலைக் காதில் நிறைத்துக்கொண்டு மறுநாளே ஹாரோவின் உலகத்துக்குள் போனால் இழப்பு இரட்டிப்பாகத் தெரியும். என் நண்பர்களில் மூடி வைத்தவர் ஒருவர் சரியாக இப்படித்தான் செய்தார். திரும்பப் படித்து முடித்த சூட்டோடு இரண்டாவதைத் தொடங்கி, இருபதாவது பக்கத்திலேயே மனம் விட்டுவிட்டது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. முழு மறுவாசிப்பு ஹாரோவை முடித்த பிறகுதான் முழுப் பலன் தரும். ஹாரோ தெரிந்தபின் கிடியனைப் படித்தால் அது வேறு புத்தகம். அந்த அனுபவத்தை முன்கூட்டியே செலவு செய்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. கிடியனைப் படித்து மூன்று நாலு வருடம் ஆகிவிட்டது, பெயர்கள் ஒன்றுமே நினைவில் இல்லை என்றால் மட்டும் முழுதாகத் திரும்பப் போங்கள்.

இதற்கு மாற்றாக நான் எல்லோருக்கும் சொல்வது பாதி வழி. கிடியன் ஐந்து பகுதிகளாகப் பிரிந்தது. அதில் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் மட்டும் திரும்பப் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடைசிப் பகுதி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை, ஹாரோவின் நிலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் பகுதி எதற்கு என்றால், அங்கே ஓர்டஸ் நிஜெனாட் என்று ஒருவர் வருவார். வாள் பிடிக்க மனமில்லாத, சோகம் அப்பிய மனிதர். ஒன்பதாம் குலத்தின் வாள்துணையாக இருக்கவேண்டியவர் முதலிலேயே கதையை விட்டுப் போய்விடுவதால் எல்லோரும் அவரை மறந்துவிடுகிறோம். ஹாரோவின் முதல் பக்கத்தில் இருக்கும் கதைமாந்தர் பட்டியலைப் பார்த்தாலே அவர் பெயர் ஏன் முக்கியம் என்று புரியும். அந்தப் பட்டியலை அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள். அதையும் கதையாகவே படிக்க வேண்டும். யார் இருக்கிறார்கள், யார் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பார்க்க வேண்டும்.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வரிசையில் ஆட்களின் பெயருக்குள்ளேயே குல எண் ஒளிந்திருக்கிறது. லத்தீனும் கிரேக்கமும் தெரிந்தவர்களுக்கு செப்டிமஸ் ஏழு, பென்ட் ஐந்து, டியூடெரோஸ் இரண்டு என்று பிடிபடும். எனக்குப் பிடிபட்டது வேறு மூன்று. நாலாம் குலத்துப் பெண் ஜான்மேரி சதுர். எட்டாம் குலத்து வாள்துணை கோலம் அஷ்ட். ஒன்பதாம் குலத்து கிடியன் நவ். நாள்காட்டியில் சதுர்த்தி, அஷ்டமி, நவமி பார்த்து வளர்ந்த எந்தத் தமிழ் வாசகருக்கும் இந்த மூன்று பெயர்களும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஆங்கில வாசகர்கள் பின்னிணைப்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஒன்று நமக்குக் காதிலேயே கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்குக் குலங்கள் குழம்பவே இல்லை. மற்றவற்றை ஒரு சீட்டில் எழுதி புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை.

அடுத்தது, கதைச் சுருக்கங்களையும் ரசிகர்கள் எழுதும் தகவல் பக்கங்களையும் துணைக்கு வைத்துக்கொள்வது. இதை நான் அழுத்தமாக வேண்டாம் என்கிறேன். முதல் தடவை ஹாரோவின் 90ஆம் பக்கத்தில் திணறியபோது, ஒரு பாத்திரம் எந்தக் குலம் என்று மட்டும் பார்க்கலாம் என்று தேடினேன். கிடைத்த பக்கத்தின் முதல் வாக்கியமே, நாவல் முன்னூறு பக்கத்துக்கு மேல் மூடி வைத்திருந்த விஷயத்தைச் சொல்லிவிட்டது. அதைப் படித்த பின் என்னால் படிக்காததுபோல இருக்க முடியவில்லை. புத்தகத்தை முடித்தேன், பிடித்தது, அழவும் செய்தேன். ஆனால் அந்தத் திருப்பம் எனக்கு நிகழவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மற்ற புத்தகங்களுக்குச் சுருக்கம் படித்துவிட்டுப் போனால் பெரிதாக நஷ்டமில்லை. இந்தப் புத்தகத்துக்கு உண்டு. ஹாரோவுக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை. தான் பார்ப்பது உண்மைதானா, தன் புத்தி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு வாழ்கிறாள். நமக்கும் அதே பயம் வரவேண்டும் என்றுதான் முதல் புத்தகத்தையே நம் கண்ணுக்கு முன்னால் மாற்றிக் காட்டுகிறார் மியூர். அவள் தொலைத்தது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. நாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு உள்ளே போனால் அவளை மேலேயிருந்து பார்ப்போம், பக்கத்தில் உட்கார மாட்டோம். குழப்பத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தில் பாதி போய்விடும். அதனால் வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த வழி என்னைத் தாங்கிப் பிடிக்குமா, இல்லை குழப்பத்தையே துடைத்துவிடுமா?

இந்தக் கணக்கில் மின்னூலுக்கு இரண்டு முகம். ஹாரோ எலும்பு மாந்திரீகம் செய்பவள் என்பதால் பக்கத்துக்குப் பக்கம் உடற்கூறியல் சொற்கள் வரும். தாடை, விலா, முழங்கை என்று நமக்குத் தமிழில் தெரிந்த எலும்பெல்லாம் மருத்துவக் கல்லூரிப் பெயரோடு வந்து நிற்கும். சொல்லை அழுத்தினால் அகராதி திறக்கும் வசதி இங்கே உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் தேடல் வசதியைத் தொடாதீர்கள். ஒரு பெயரைப் போட்டுத் தேடினால், அது நாம் இன்னும் படிக்காத பக்கங்களின் வரிகளையும் சேர்த்துக் காட்டிவிடும்.

ஒலிப்புத்தகம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மொய்ரா குவெர்க் படித்திருக்கிறார். ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் குரல் கொடுப்பார். யார் பேசுகிறார் என்று பெயரைப் பார்க்காமலே தெரியும். அந்த ‘யூ’ காகிதத்தில் உறுத்துகிற அளவுக்குக் காதில் உறுத்துவதில்லை, யாரோ நம்மிடம் நேராகப் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. முன்னிலை நடையால் மூடி வைத்தவர்களுக்கு இதுவே மருந்து. நின்றுபோன என் நண்பர் ஒருவர் இப்படித்தான் வேலைக்குப் போகும் ரயிலில் கேட்டு, பாதிவரை வந்துவிட்டார்.

பாதியில் ஏன் நின்றார் என்றால், காதில் கேட்பதைப் பின்னால் புரட்ட முடியாது. காலக்கணக்கு ஒரு நொடியில் சொல்லப்பட்டுப் போய்விடும். ரயிலில் யாராவது ‘வழி விடுங்க’ என்றால் போச்சு, கொலைக்கு ஒன்பது மாதமா ஆறு மாதமா என்று தெரியாமலே அடுத்த அரைமணி நேரம் ஓடிவிடும். பெயர்களின் எழுத்துக்கூட்டும் கண்ணில் படாது. எனவே ஒலியை மட்டும் நம்பி முதல் தடவை போக வேண்டாம். அச்சுப் புத்தகம் கையில் இருக்க, தினம் கேட்ட அத்தியாயத்தின் தலைப்பையும் முதல் பத்தியையும் இரவில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து அருமையாக வேலை செய்கிறது. கொஞ்சம் செலவு ஜாஸ்தி, அதை மறைக்கவில்லை.

ஏற்கெனவே படித்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிப்பது ஐந்தாவது வழி. மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இதுதான். என் தங்கை படித்தபோது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அவள் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், நான் இரண்டே பதில்தான் சொல்வேன்: “அது உனக்கு இப்பத் தெரியவேண்டாம்” அல்லது “அது முதல் புத்தகத்திலேயே இருக்கு, போய்ப் பார்.” இந்த இரண்டு பதில் போதும். குழப்பம் ஆசிரியர் வைத்ததா, தன் மறதியா என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடுகிறது, படிப்பு நகர்கிறது. அவள் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது புத்தகத்தின் கால்பகுதியில் வந்தது: “அண்ணா, இந்த ‘நீ’ன்னு சொல்றது யாரு?” முன்னிலை என்று ஒன்று வந்தால் அதைச் சொல்ல ஒரு தன்மை இருக்கத்தானே வேண்டும். நான் முதல் பதிலைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படியுங்கள், போதும்.

எந்த முன்னேற்பாடும் இல்லாமல் நேரே இறங்குவதும் ஒரு வழிதான். கிடியனை முடித்துச் சில மாதம்தான் ஆகிறது, புரியாமல் படிப்பதில் உங்களுக்குச் சிரமமில்லை என்றால் இதுவே சிறந்தது. ஜீன் வுல்ஃபின் ‘தி புக் ஆஃப் தி நியூ சன்’ வரிசையைப் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் கைவந்திருக்கும். 1981இல் வந்த அதன் இரண்டாம் பாகம், முதல் பாகம் நின்ற வாசலுக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளியை விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தொடங்கும். வுல்ஃப் நேராக வந்து விளக்கவே மாட்டார். மியூர் அந்த விஷயத்தில் இரக்கமுள்ளவர். ஹாரோவின் கடைசிப் பகுதியில் முடிச்சுகள் வரிசையாக அவிழும், அதுவும் மூச்சு விடாத வேகத்தில். கிடைக்குமா கிடைக்காதா என்ற சந்தேகம் வேண்டாம், பெரும்பாலான பதில்கள் வந்துசேரும். நூறாவது பக்கத்தில் நிற்பவருக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த மூவரில் ஒருவராவது தொடர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஹாரோவைத் தாண்டி நேரே நோனாவுக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது. நோனா, இந்த வரிசையின் கடைசிப் புத்தகமாகத் திட்டமிட்ட ‘அலெக்டோ தி நைன்த்’தின் முதல் பகுதியாக இருந்து, வளர்ந்து, தனிப் புத்தகமானது. அதன் குரல் எளிமையானது, அன்பானது, ஆனால் அடித்தளம் முழுக்க ஹாரோவில் இருக்கிறது.

தள்ளிப்போடுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் இதை எழுதும்போது அலெக்டோ இன்னும் வெளிவரவில்லை. முழு வரிசையும் வந்தபின் ஒரே மூச்சில் படிக்கலாம் என்பவர்களிடம் எனக்கு வாதமில்லை. ஆனால் தள்ளிப்போட வேறு ஒரு நல்ல காரணமும் உண்டு. எலும்பு, வாள், விண்வெளி எல்லாம் மேல் போர்வைதான். உள்ளே இருப்பது துக்கம். ஒருவரை இழந்தவர் அந்த இழப்போடு வாழ முடியாமல் என்னவெல்லாம் செய்துகொள்வார் என்பதுதான் இந்த நாவலின் உயிர். தன்னையே காயப்படுத்திக்கொள்வது, வாழ வேண்டாம் என்ற நினைப்பு, உடல் சிதைவு எல்லாம் பூசி மெழுகாமல் வருகின்றன. வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், மனசு இன்னும் பச்சையாக இருந்தால், இது ஓர் ஆறு மாதம் அலமாரியில் இருக்கட்டும். என் ஐந்து நண்பர்களில் ஒருவரிடம் நானே திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து அவரே கேட்டு வாங்கிப் போனார். முடித்த இருவரில் அவர் ஒருவர்.

ஆக, கிடியன் நினைவில் பசுமையாக இருந்தால் நேரே இறங்குங்கள். பாதி மறந்திருந்தால் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும். முழுக்க மறந்திருந்தால் முழு மறுவாசிப்பு, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். நடை உறுத்தினால் ஒலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் முன்னிலையா படர்க்கையா, கொலைக்கு எத்தனை மாதம் என்று குறித்துக்கொண்டே போங்கள். இரவல் புத்தகம் என்றால் தனிக் காகிதம்.

நூறு பக்கத்தில் நின்றுவிட்டு மறுபடி தொடங்க நினைப்பவர்கள் முதலிலிருந்தே தொடங்குவது நல்லது. விட்ட இடத்திலிருந்து எடுத்தால் நூல் பிடிபடாது. அப்புறம், கடைசிப் பக்கத்தை முடித்ததும் புத்தகத்தை மூடிவிடாமல், முதலில் இருக்கும் கதைமாந்தர் பட்டியலையும் அந்தக் கொலைக்கு முந்தைய இரவையும் உடனே மறுபடி படித்துப் பாருங்கள். சில பக்கங்கள்தான். என் தங்கை அதைப் படித்துவிட்டு இரவு பன்னிரண்டரைக்கு என்னை எழுப்பினாள்.